சும்மா பார்த்தோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன். நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "லண்டனிலிருந்து வர்றே. வெளிநாட்டு வேலை வாய்ப்பு பத்தி இருபது நிமிஷம் பேசிடுப்பா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கணும் அண்ணே, நான் வேறொன்றைப் பேசப்போகிறேன். வேலை வாய்ப்பு பற்றிப் பேச எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் பேசுவார்கள்.

நான் பேசப்போவது வேர்க்கடலையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிசையில் 2006-2010 மின்னியல் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. அதில் மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை, பாருங்கள். அவர்களோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விடுதியில் எங்களோடு ஒரு நண்பன் இருந்தான். இன்று அவன் வரவில்லை. அவனுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அவனுக்கு வேர்க்கடலை சேராது. விடுதிக்கு வந்த முதல் நாளே சொன்னான்: "ஒரு பருப்பு உள்ளே போனாலும் மூச்சு அடைச்சிடும்டா." ஒருத்தரும் நம்பவில்லை. கடலை விளைகிற ஊர்க்காரர்கள் நாங்கள். பச்சைக் கடலையைக் காட்டிலேயே பிடுங்கித் தின்று வளர்ந்தவர்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், "கடலை தின்னு எவனாவது செத்திருக்கானா? மிஞ்சினா பித்தம் வரும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து நண்பனுக்குப் பெயர் 'கடலை'. பெண்களிடம் பேசிக்கொண்டிருப்பதற்கும் கடலை என்றுதானே சொல்வோம்! "திங்கவும் தெரியாது, போடவும் தெரியாது, பேர் மட்டும் கடலை" என்று ஒரு வசனம் விடுதி முழுக்கச் சுற்றியது. அதை எழுதியவன் நான்தான். அந்தக் காலத்தில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் இட்லிக்குக் கடலைச் சட்னி. அன்றைக்கு அவன் ஒரு மூலை மேஜையில் போய் உட்கார்ந்துகொள்வான். அவன் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் இட்லிப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்புவார்கள். அதை நல்லெண்ணெயில் குழைத்துச் சாப்பிடுவான். நாங்களும் அந்தப் பொடியில் பங்கு கேட்போம். கொடுப்பான்.

2007, இரண்டாம் ஆண்டு. ஆயுத பூஜைக்கு லேபில் பொரி கொடுத்தார்கள். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கலந்த பொரி. அவன் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாமி பிரசாதத்தையே வேண்டாங்கிறான்டா, ரொம்பத்தான் பிகு பண்றான்" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அன்று ராத்திரி, நிஜமா நடிப்பா என்று பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. பொரிப் பொட்டலங்களில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கி எடுத்து, தோல் நீக்கி, தினசரித் தாளில் பரப்பி எவர்சில்வர் டம்ளரின் அடியால் நுணுக்கினோம். மூன்று ஸ்பூன் இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கியது நான்.

மறுநாள் காலை. இரண்டாவது இட்லிக்கு உதட்டைத் தேய்த்தான். "டேய், இதுல என்னமோ..." என்றான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடித்தது. குரல் மாறியது. கை கழுவுகிற இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தான். அப்படியே சுவரில் சாய்ந்து, சறுக்கி உட்கார்ந்துவிட்டான். அப்போதும் எங்களில் ஒருத்தன், "நல்லா நடிக்கிறான்டா" என்றான். அதற்குமேல் யாராலும் சிரிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் அப்போது 108 கிடையாது. அது 2008-ல்தான் வந்தது. மெஸ்ஸுக்குக் காய்கறி இறக்க வந்த டாடா ஏஸ் வண்டியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் அவனைத் தூக்கிப் போட்டார் வாட்ச்மேன் அண்ணன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஒரு ஊசி போட்டார். அட்ரினலின். பிறகு எங்களைப் பார்த்து, "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"இட்லியும் பொடியும் மேடம்."

"என்ன பொடி?"

"வீட்டுல அரைச்சுக் குடுத்தது மேடம்."

சொன்னது நான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, கவனித்தீர்களா? வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, நாலு பேரில் யாரோ சொன்னோம்: "சும்மாதானடா பார்த்தோம்." நானாகக்கூட இருக்கலாம்.

அவன் பிழைத்தான். அந்த மாதமே விடுதியைக் காலி செய்துகொண்டு வெளியே அறை எடுத்துப் போய்விட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரிக்குத் தெரியாது, அவன் வீட்டுக்கும் தெரியாது. நாங்கள் பாஸ் பண்ணி, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். மின்னியல்காரர்களுக்கு எளிதில் புரியும். துணைமின் நிலையத்தில் பாதுகாப்பு ரிலே வைக்கிறோம். கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கிற வேலை அதற்கு. அதன் அளவைத் தப்பாக வைத்துவிட்டால், ஒரு காக்கை உட்கார்ந்தாலும் ஊரே இருட்டாகிவிடும். ஒவ்வாமை அப்படித்தான். உடம்பின் காவல் படை கடலைப் புரதத்தை எதிரி என்று பதிந்து வைத்திருக்கிறது. பதிந்தது உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைக் கொட்டுகிறது. தோல் தடிக்கிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. மன உறுதி, பிகு, செல்லம் எதற்கும் இதில் வேலையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை இருப்பது உண்மைதான். ஆனால் அது மருத்துவர் பக்கத்தில் இருந்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து செய்வது. டம்ளர் அடியில் நுணுக்குகிற விஷயம் அல்ல.

இனி என் மகன் கதை. 2014-ல் நான் இங்கிலாந்துக்குப் போனேன். மேற்கு லண்டனில் வீடு. 2016-ல் மகன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயதானபோது ஊரிலிருந்து வந்த சத்துமாவில் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். நாலு வாய்தான். முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பரிசோதனையெல்லாம் முடித்து மருத்துவர், "வேர்க்கடலை" என்றார். என் மனைவி அழுதாள். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

உங்களில் சிலர் இப்போது 'செய்த பாவம்' என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என் கணக்கைத் தீர்ப்பதற்காக ஒரு குழந்தைக்கு நோய் வராது. ஆனால் எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்பது மட்டும் உண்மை.

(கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயந்துபோய்க் கடலையை அடியோடு ஒதுக்கி வைக்காதீர்கள். 2015-ல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. கைக்குழந்தையிலிருந்தே கடலை உணவு சாப்பிட்டவர்களுக்கு, ஒதுக்கி வைத்தவர்களைவிட இந்த ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். முழுப் பருப்பாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.)

மகன் எங்கே போனாலும் ஒரு மஞ்சள் பை கூடவே போகும். அதில் இரண்டு அட்ரினலின் பேனாக்கள். தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானே இறங்கும். 2023 அக்டோபரில், அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒருநாள் காலையில், "அப்பா, இந்தப் பை வேண்டாம்பா" என்றான். ஏன்டா என்றால், கனமா இருக்கு என்றான். எடை நூறு கிராம்கூட இருக்காது. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. வயிற்று வலி என்றான். திங்கள்கிழமை வந்தால் மட்டும் வலிக்கும் வயிறு! ஒருநாள் பையைத் திறந்து பார்த்தால் பேனாவைக் காணோம். அவனே எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான்.

கெஞ்சிக் கேட்டதில் சொன்னான். வகுப்பில் இரண்டு பையன்கள் கடலை போட்ட சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் துரத்துகிறார்கள். "தொட்டால் வெடிப்பான்" என்று விளையாட்டுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் பையைப் பார்த்துத்தான் விளையாட்டு தொடங்குகிறது. அதனால் பை இல்லையென்றால் விளையாட்டும் இல்லை என்று ஏழு வயது மூளை கணக்குப் போட்டிருக்கிறது.

இதைத்தான் நான் பெற்றோர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வாமையுள்ள குழந்தையைச் சீண்டினால் அழுகையோடு அது முடிவதில்லை. தன் உயிரைக் காப்பாற்றும் பொருளையே அது தூக்கி எறிந்துவிடும். வீட்டிலும் சொல்லாது. 2013-ல் நியூயார்க்கில் 251 குடும்பங்களிடம் செய்த ஆய்வில், உணவு ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த ஒவ்வாமைக்காகவே சீண்டப்பட்டது தெரிந்தது. சீண்டப்பட்டவர்களில் பாதிப் பேருடைய பெற்றோருக்குத்தான் அது தெரிந்திருந்தது. தெரிந்த வீட்டுக் குழந்தைகள் மற்றவர்களைவிடத் தெம்பாக இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முதலில் பேசிய ஆசிரியை, "பசங்க விளையாட்டு" என்ற தோரணையில்தான் பேசினார். மறுநாள் ஒரு ஏற்பாடும் செய்தார்: என் மகனுக்குச் சாப்பிடத் தனி மேஜை! கடலையைக் காட்டித் துரத்தியவர்கள் கூட்டத்தோடு கூத்தடிக்கிறார்கள். துரத்தப்பட்டவன் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். எனக்கு எங்கள் மெஸ்ஸின் மூலை மேஜை ஞாபகத்துக்கு வந்தது.

உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உடல்நலக் குறைவுள்ள மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பள்ளியின் மேல் வைக்கிறது, அதைக் குறிப்பிட்டேன். 2017 அக்டோபர் முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே பள்ளிகள் உபரிப் பேனா வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதையும் எழுதினேன். கடைசியில் ஒரு சாவைப் பற்றி எழுதினேன்.

2017 ஜூனில் மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில், ஒரு பள்ளியில் நடந்தது. 13 வயதுப் பையன். பால் பொருட்கள் உட்படப் பல உணவுகள் அவனுக்குச் சேராது. உடன் படித்த, அதே வயதுப் பையன் ஒருவன் சிறு துண்டு சீஸை அவன் மேல் சுண்டி எறிந்தான். கழுத்தில் பட்டது. பள்ளியில் இருந்த பேனா காலாவதியாகி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுமார் பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். தோலில் பட்டு உயிர் போவது மிக மிக அரிது, ஆனால் போயிற்று. 2019-ல் மரண விசாரணை நடந்தது. பெரிய தீங்கு செய்ய நினைத்த செயல் அல்ல, சிறுபிள்ளைத்தனமான, யோசனையற்ற செயல் என்று முடிவானது. எறிந்த பையன், இவ்வளவு ஆபத்து என்று தனக்குத் தெரியாது என்றான்.

கடிதத்துக்குப் பலன் இருந்தது. தலைமையாசிரியை நேரில் கூப்பிட்டார். தனி மேஜை போயிற்று. மகன் தனக்குப் பிடித்த இரண்டு நண்பர்களைச் சொன்னான். அவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள், அவர்கள் டப்பாவில் கடலை இருக்காது, அவ்வளவுதான். ஒரு நர்ஸ் வந்து, என் மகன் பெயரைச் சொல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வாமை பற்றிப் பேசினார். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவைக் கையில் கொடுத்து, ஆளுக்கு ஒருமுறை தன் தொடையில் அழுத்திப் பார்க்கச் சொன்னார். வரிசையில் நின்று போட்டி போட்டார்களாம்! கேலிக்கு இருந்த மஞ்சள் பை அதன் பிறகு வகுப்புக்கே பொதுவான சாமான் ஆகிவிட்டது. இன்றைக்கு அவன் அதை மறந்தாலும் அந்த இரண்டு நண்பர்களில் ஒருத்தன் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான்.

துரத்திய பையன்களில் ஒருவனையும் அவன் அப்பாவையும் பள்ளியில் சந்திக்க வைத்தார்கள். அவனைப் பள்ளியை விட்டே நீக்கச் சொல்ல வேண்டும் என்ற கோபத்தோடுதான் போனேன். சின்னப் பையன். நாற்காலியில் கால் தரையில் எட்டவில்லை. ஏன் செய்தாய் என்று தலைமையாசிரியை கேட்டதும் அவன் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால்: "சும்மா, நிஜமான்னு பார்த்தோம்."

எனக்கு அதற்குமேல் அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. அவன் அப்பாவிடம் தனியாக, ஹார்லிக்ஸ் பாட்டில் கதையைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தரிடம் சொன்னது அதுதான். அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவருக்குப் போன் பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பண்ணினேன். பதினாறு வருஷம் கழித்து. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவன் கேட்டான்: "எங்க வீட்டுல ரெண்டு மிக்ஸி இருக்கு, தெரியுமாடா?"

ஆஸ்பத்திரியில் நான் சொன்ன அந்த உண்மை, 'வீட்டுல அரைச்சுக் குடுத்தது', அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடலை அரைத்த ஜாரைச் சரியாகக் கழுவாமல் பொடி அரைத்துவிட்டோம், நம் கையாலேயே பிள்ளையைக் கொல்லப் பார்த்தோம் என்று அவன் அம்மா நினைத்திருக்கிறார்கள். அந்த மாதமே கடன் வாங்கி அவனுக்கென்று தனி மிக்ஸி வாங்கினார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் பொடி அரைத்துக் கொடுத்ததில்லை. "என்கிட்ட சொன்னது போதும். அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு" என்றான்.

2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது போனேன். காபி கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ என் மிக்ஸி இல்லையா?" என்றார்கள். இல்லைம்மா என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ரொம்ப நேரம் வரவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்து, "உன் பையனுக்குக் காலையில என்ன தம்பி குடுக்கறீங்க?" என்று விசாரித்தார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிட்டு முடிக்கிறேன். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997-ல். நாங்கள் இதைச் செய்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. சீனியர் ஜூனியரைச் செய்தால்தான் ராகிங், கூட்டாளிக்குள்ளே என்ன என்று நினைத்தோம். ஒருத்தன் 'எனக்கு இது சேராது' என்றால் நீங்கள் நம்ப வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காதீர்கள். யாருக்காவது சாப்பிட்டதும் உதடு வீங்கி, மூச்சு இழுத்தால், நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். பேனா இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் உடனே போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது. அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நம்மூர் மருந்துக் கடையில் அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் மருந்து உண்டு, விலை குறைந்தது. போனதும் டாக்டர் கேட்காமலே என்ன சாப்பிட்டான் என்று சொல்லுங்கள். முழுசாகச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விடுதியில் சேரும்போது கொடுக்கிற படிவத்தில், சேராத உணவு எது என்று ஒரு வரி வேண்டும். கல்லூரி மருத்துவ அறையில் அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அதற்கான செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. மற்ற மூன்று பேரிடமும் நேற்றே கேட்டுவிட்டேன்.

இன்றைய விருந்தில் எதெதில் கடலை, முந்திரி, எள் இருக்கிறது என்று அட்டை எழுதி வைக்கச் சொல்லி மெஸ் செயலாளர் தம்பியிடம் கேட்டிருந்தேன். அழகாக எழுதி வைத்திருக்கிறார். பாயசத்தில் முந்திரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.